ஏழாம் மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டிய கேள்விகள்

ஒரு பெண் கர்ப்பத்தைப் பதிவு செய்ய முதல்முறை வரும்போது நான் கேட்கும் கேள்விகள் பலருக்கும் விநோதமாக இருக்கும். உன் அம்மாவுக்குப் பிரசவத்தில் வலிப்பு வந்ததா? அக்காவுக்கு மாசமாக இருந்தபோது பிரஷர் ஏறியதா? சின்ன வயதில் மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சலில் கிடந்தாயா? தண்ணீர்க் குடத்தோடு மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறதா? போன பிரசவத்தில் நஞ்சு தானாக விழுந்ததா, கையை விட்டு எடுத்தார்களா? பிறகு ரத்தம் ஏற்றினார்களா?

கூட வந்திருக்கும் மாமியாருக்குப் பொறுமை போய்விடும். “எதுக்கு நர்ஸம்மா இம்மாங் கேள்வி? ஊசியப் போட்டு மாத்திரையக் குடுத்து அனுப்புங்க, வீட்டுல வேலை கெடக்குது” என்பார். ஊசியும் மாத்திரையும் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்தப் பெண் எங்கே, யார் கையில் பிள்ளை பெற வேண்டும் என்பதை முடிவு செய்வது இந்தக் கேள்விகளுக்கு வரும் பதில்கள்.

ஜவ்வாது மலை அடிவாரத்துக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக வேலையைத் தொடங்கி, பகுதி சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றவள் நான். வீடு வீடாகப் போய் வயிற்றைத் தடவிப் பார்த்திருக்கிறேன், ஆம்புலன்ஸில் கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன், தாய் இறந்த வீட்டில் விசாரணைக் குழுவோடு உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். இவற்றிலிருந்து நான் தெரிந்துகொண்டதை, வீட்டில் ஒரு கர்ப்பிணி இருக்கும் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. 2001-03 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20இல் அது 54ஆகக் குறைந்தது. இதே காலத்தில் இந்தியா முழுமைக்குமான எண்ணிக்கை 301இலிருந்து 97க்கு இறங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருபத்து நான்கு மணி நேரமும் செவிலியர்கள் இருந்தது, 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது, அவசர அறுவை சிகிச்சையும் ரத்தமும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் ‘சீமாங்’ மையங்கள் திறக்கப்பட்டது எல்லாம் சேர்ந்துதான் இதைச் சாதித்தன. இன்று நம் மாநிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கின்றன.

அப்படியானால் மிச்சமிருக்கும் மரணங்கள் எங்கே நடக்கின்றன? பெரும்பாலும் மருத்துவமனைக்குள், அல்லது ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில். ஆகவே “ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும்” என்ற காலம் முடிந்துவிட்டது. எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த நேரத்தில், என்ன விவரங்களோடு போகிறோம் என்பது உயிரைத் தீர்மானிக்கிறது. ஆபத்தின் ஒரு பகுதி அந்தப் பெண்ணின் உடம்பில் இருக்கிறது. மறு பகுதி, அவளுக்கும் ரத்தப் பைக்கும் நடுவில் கடக்க வேண்டிய நேரத்தில் இருக்கிறது.

பச்சை வில்லை ஒட்டியவளுக்கும் வரும் உதிரப்போக்கு

பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில் ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளை மருத்துவர் பரிசோதிப்பார். ஆபத்துக் காரணி எதுவும் இல்லாதவரின் அட்டையில் பச்சை வில்லை, இருப்பவரின் அட்டையில் சிவப்பு. சிவப்பு வில்லையைப் பார்த்ததும் அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பெண்ணைச் சிறிய இடத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், பெரிய மருத்துவமனைக்கு முன்கூட்டியே அனுப்புங்கள் என்று எங்களுக்கு நாங்களே எழுதிக்கொள்ளும் குறிப்பு அது. அழ வேண்டியதில்லை.

பச்சை வில்லையைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது உத்தரவாதம் இல்லை. இரண்டாவது பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன். எடை சரி, பிரஷர் சரி, ஹீமோகுளோபின் 11க்கு மேல். குழந்தை சுகமாகப் பிறந்தது, நஞ்சும் விழுந்தது, எல்லோரும் சர்க்கரை வாங்கப் போய்விட்டார்கள். சிறிது நேரத்தில் அவள், “தாகமா இருக்குதுக்கா, ஒரு மாதிரி கிறுகிறுன்னு வருது” என்றாள். பணியிலிருந்த செவிலியர் உடனே அவள் தொப்புளுக்குக் கீழே கையை வைத்து அழுத்தினார். பிரசவம் முடிந்த கருப்பை கிரிக்கெட் பந்துபோலக் கெட்டியாக இருக்க வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுப்பார்கள். அவளுடையது கைக்குத் தட்டுப்படாமல் தொளதொளத்துக் கிடந்தது.

நிறைமாதத்தில் கருப்பைக்கு ஒரு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்து வந்ததும் அது ஒட்டியிருந்த இடத்தில் அத்தனை ரத்தக் குழாய்களும் வாய் திறந்து நிற்கும். கருப்பையின் தசைநார்கள் இறுகி அந்தக் குழாய்களை நெரித்து மூட வேண்டும். இறுகாவிட்டால் நிமிடக் கணக்கில் உடம்பின் ரத்தம் வெளியேறிவிடும். கவனிக்க ஆள் இல்லையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிரே போய்விடலாம். உலகம் முழுக்கத் தாய்மார்களின் உயிரை அதிகமாகப் பறிப்பது இந்த உதிரப்போக்குதான்.

இரட்டைக் குழந்தை, பனிக்குட நீர் அளவுக்கு மீறி இருத்தல், பெரிய குழந்தை, நீண்டுபோன பிரசவ வலி, நாலைந்து பிள்ளை பெற்ற உடம்பு, கருப்பையில் கட்டி, நஞ்சு கீழே இறங்கி வாயை அடைத்திருத்தல், போன தடவையும் இப்படி ரத்தம் போயிருத்தல் ஆகியவை உதிரப்போக்கின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆனால் இவற்றில் ஒன்றுகூட இல்லாத பெண்களிடம்தான் இந்தச் சிக்கலின் பெரும் பகுதி ஏற்படுகிறது. அதனால்தான் பிரசவித்த ஒவ்வொரு பெண்ணுக்கும், பச்சை வில்லையோ சிவப்போ, குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறோம். அந்த மருந்து குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மின்சாரம் போன பெட்டியில் வெந்துபோன மருந்தைப் போட்டால் போட்டதற்கு அர்த்தமில்லை.

கண்ணால் பார்த்து ரத்த அளவைக் கணிப்பதும் நம்மை ஏமாற்றும். துணியில் ஊறியதும் தரையில் வழிந்ததும் எப்போதும் குறைவாகவே தெரியும். 2023இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில், அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் பையைத் தாயின் அடியில் விரித்து ரத்தத்தை அளந்து, அளவு தாண்டியதும் எல்லாச் சிகிச்சைகளையும் ஒரே மூச்சில் தொடங்கினார்கள். கடுமையான உதிரப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. 2017இல் வெளியான இன்னோர் ஆய்வு, டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மலிவான மருந்தை மூன்று மணி நேரத்துக்குள் நரம்பில் செலுத்தினால் ரத்தப்போக்கால் வரும் மரணம் குறைகிறது என்று காட்டியது. தாமதிக்கும் ஒவ்வொரு பதினைந்து நிமிடத்துக்கும் அந்த மருந்தின் பலன் சுமார் பத்து சதவீதம் தேய்கிறது.

நான் சொன்ன அந்தப் பெண் பிழைத்தாள். செவிலியர் கருப்பையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், நிரம்பியிருந்த சிறுநீர்ப்பையைக் குழாய் விட்டுக் காலி செய்தார், இரண்டு கையிலும் டிரிப் ஏற்றினார், வண்டியை வரவழைத்தார். உள்ளே ஒட்டியிருந்த நஞ்சின் துணுக்கைப் பெரிய மருத்துவமனையில் எடுத்தார்கள். தாகம், படபடப்பு, கிறுகிறுப்பு என்று அவள் சொன்னதை அசதி என்று தள்ளாமல் அந்தச் செவிலியர் கையை வைத்துப் பார்த்தாரே, அதுதான் அவளைக் காப்பாற்றியது.

பாதிப் பேரிடம் இருக்கும் சோகை

தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21இல் எடுத்தபோது தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் சோகை, 7க்குக் கீழே போனால் கடுமையான சோகை. ரத்தம் குறைவாக இருந்தால் குழந்தை எடை குறைவாகப் பிறக்கும் என்று எல்லோரும் அறிந்திருக்கிறார்கள். 12 கிராம் உள்ளவள் தாங்கிக்கொள்ளும் அதே ரத்த இழப்பை 7 கிராம் உள்ளவளால் தாங்க முடியாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. மற்றவருக்குச் சாதாரணமாகக் கழியும் பிரசவத்தில் இவளுடைய இதயம் திணறிவிடும்.

மாத்திரை வாங்கிப் போகும் எல்லோரும் சாப்பிடுவதில்லை. பரணில், அரிசிப் பானைக்குப் பின்னால், குப்பை மேட்டில் பிரிக்காத அட்டைகளைப் பார்த்திருக்கிறேன். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, பிள்ளை கறுத்துவிடும் என்று காரணம் சொல்வார்கள். மலம் கறுப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் தொடர்பே இல்லை. குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். டீ, காபியோடு விழுங்கினால் சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ நன்றாகச் சேர உதவும். மாத்திரை போதவில்லை என்றால் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றும் வசதி அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. அதை ஏழு, எட்டாம் மாதத்துக்குள் செய்துகொள்ள வேண்டும். வலி எடுத்த பிறகு ரத்தம் ஊறக் காத்திருக்க முடியாது.

காலில் நீர் போட்டால்…

“பிள்ளைத்தாச்சின்னா கால் வீங்கத்தான் செய்யும்.” இந்த வாக்கியத்தை எத்தனையோ திண்ணைகளில் கேட்டிருக்கிறேன். சாயங்காலம் லேசாகப் பாதம் வீங்கி, படுத்து எழுந்தால் வடிந்துவிடுவது பலருக்கும் உண்டு. காலையிலும் வடியாமல், முகமும் கைவிரலும் உப்பி, மோதிரம் கழலாமல் போனால் பிரஷர் பார்த்தே ஆக வேண்டும்.

இருபதாவது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டால் எச்சரிக்கை. 160/110 என்றால் அவசரம். நஞ்சு கருப்பையில் சரியாக வேரூன்றாததில் தொடங்கும் இந்த நோய் தாயின் ரத்தக் குழாய்கள் முழுவதையும் பாதிக்கிறது. சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று ஒவ்வொன்றாகத் தாக்கும். முற்றினால் வலிப்பு. பழைய ஆட்கள் ஜன்னி என்பார்கள்; பேய் என்று சொல்லிக் கோயிலுக்குத் தூக்கிப்போன காலமும் இருந்தது.

தலைப்பிரசவம், மிகச் சின்ன வயது, முப்பத்தைந்துக்கு மேற்பட்ட வயது, அதிக உடல் எடை, இரட்டைக் குழந்தை, முன்பே உள்ள சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு அல்லது ரத்தக்கொதிப்பு, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே பத்து வருடத்துக்கு மேல் இடைவெளி, போன கர்ப்பத்தில் இதே தொல்லை, அம்மாவுக்கோ கூடப் பிறந்தவளுக்கோ வந்திருப்பது ஆகியவை இதன் ஆபத்துக் காரணிகள். நான் அம்மாவைப் பற்றிக் கேட்பதன் காரணம் இதுதான். ஒரு பெண் தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். மறுவாரம் அவள் பெரியம்மாவைக் கூட்டி வந்தாள். “இவ பொறந்தப்போ இவங்கம்மா மூணு நாள் நெனப்பு இல்லாமக் கெடந்தா” என்றார் அந்தப் பெரியம்மா. அந்த ஒரு வரி அட்டையில் ஏறியது. பன்னிரண்டாவது வாரம் முடிந்ததும் மருத்துவர் அவளுக்குச் சிறிய அளவில் ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்தார். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குப் பதினாறாவது வாரத்துக்குள் அதைத் தொடங்கினால் நோய் வரும் வாய்ப்பு குறைகிறது. அதை மருத்துவர்தான் எழுத வேண்டும், நாமாக வாங்கிப் போடக் கூடாது.

வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது. 2002இல் வெளிவந்த ‘மேக்பை’ ஆய்வில் 33 நாடுகளைச் சேர்ந்த பத்தாயிரம் பெண்கள் கலந்துகொண்டார்கள். அந்த மருந்து வலிப்பின் வாய்ப்பைப் பாதிக்கும் கீழே குறைத்தது. முதல் டோஸை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுவிட்டுத்தான் மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அந்த ஊசி போடாமல் மலைப்பாதையில் அனுப்புவது பெரும் ஆபத்து.

பழைய தழும்பு

முன்பு சொன்ன 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தேவைப்படும்போது அது தாயையும் பிள்ளையையும் காப்பாற்றும் அறுவை சிகிச்சை, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு சிசேரியனும் அடுத்த கர்ப்பத்துக்கு ஒரு தழும்பை விட்டுச் செல்கிறது. அடுத்த முறை நஞ்சு அந்தத் தழும்பின் மேலேயே ஒட்டிக்கொண்டால், சில சமயம் தசைக்குள்ளே வேர்விட்டுப் பிரியாமல் நின்றுவிடும். இரண்டு, மூன்று சிசேரியன் ஆனவர்களுக்கு இந்த வாய்ப்பு கூடிக்கொண்டே போகிறது. கருப்பையையே எடுக்க வேண்டிய நிலை வரும். பத்துப் பை ரத்தம்கூடத் தேவைப்படலாம். அப்படிப்பட்ட பெண் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், நாள் குறித்து, ரத்தம் தயாராக வைத்துக்கொண்டுதான் பிரசவிக்க வேண்டும்.

ஆகவே முன்பு சிசேரியன் ஆன எவரும் ஸ்கேனில் நஞ்சு எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வலியில்லாமல் திடீரென்று ரத்தம் பட்டால் காத்திருக்காதீர்கள். தழும்பு வலுப்பெற உடம்புக்குக் காலம் வேண்டும். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் குறைந்தது இரண்டு வருட இடைவெளி இருக்கட்டும்.

இதயமும் சர்க்கரையும்

கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. நல்ல இதயம் அந்தச் சுமையைத் தாங்கிக்கொள்ளும். சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்திருந்தால், எந்தத் தொல்லையும் இல்லாமல் வளர்ந்த பெண்ணுக்குக்கூட ஏழாம் மாத வாக்கில் மூச்சு முட்டத் தொடங்கும். மல்லாந்து படுக்க முடியவில்லை, இரண்டு மூன்று தலையணை வைத்தால்தான் தூக்கம், ராத்திரி மூச்சுத் திணறி எழுந்து உட்காருகிறாள் என்றால், “வயிறு பெருசாயிடுச்சு, அதான்” என்று சொல்லிவிடாதீர்கள். எக்கோ பரிசோதனை தேவை.

சர்க்கரையைப் பொறுத்தவரை தமிழ்நாடு முன்னோடி. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யாவின் முயற்சியால் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிசோதனை செய்யும் வழக்கம் இங்கே வேரூன்றியது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றில் வர வேண்டியதுகூட இல்லை. கட்டுப்படுத்தாவிட்டால் பெரிய குழந்தை, ரத்தக்கொதிப்பு, சிக்கலான பிரசவம் என்று தொடரும்.

முதல் மாதங்களில் வரும் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். நாள் தள்ளிப்போயிருக்கும் பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலி எடுத்து மயக்கம் வந்தால், கரு குழாயில் தங்கி வெடித்திருக்கக்கூடும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவருக்கும் இது வரலாம். கருவைக் கலைக்க மருந்துக் கடையில் ரகசியமாக மாத்திரை வாங்கி விழுங்கி, ரத்தம் நிற்காமல் வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சட்டம் 1971இலிருந்தே மருத்துவர் மூலம் பாதுகாப்பாகச் செய்துகொள்ள இடம் தருகிறது. பயந்து மறைக்க வேண்டாம்.

வளைகாப்புக்குப் பிறகு எங்கே?

நம் வழக்கத்தில் ஏழாவது அல்லது ஒன்பதாவது மாதம் வளையல் அடுக்கிப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம். அம்மாவின் பக்கத்தில் இருப்பது அவளுக்கு மனத்தெம்பு. அந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிக்கல் தலைகாட்டும் அந்த மாதங்களில்தான் அவளைப் பார்த்துவந்த செவிலியரும் மருத்துவரும் மாறுகிறார்கள். ஸ்கேன் படம் மாமியார் வீட்டு பீரோவில் இருக்கும், அட்டை வேறொரு பையில் இருக்கும், ரத்தம் 7.8 இருந்தது யாருக்கும் நினைவிருக்காது. புதிய இடத்தில் முதல்முறை அவளைப் பார்ப்பதே பிரசவ வலியோடுதான் என்றால், என் கேள்விகளைக் கேட்க அங்கே நேரம் இருக்காது.

சீர்வரிசைத் தட்டோடு அட்டையும் அத்தனை பரிசோதனைச் சீட்டுகளும் ஸ்கேன்களும் ஒரே பையில் போகட்டும். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அந்த ஊர்ச் செவிலியரைப் பார்க்க வேண்டும். மலைக் கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்காகச் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பேறுகாலக் காத்திருப்பு அறைகள் உண்டு. குறித்த நாளுக்கு முன்பே வந்து தங்கிக்கொள்ளலாம். ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்து மலை இறங்கிப் போளூர் வருவதற்குள் எத்தனை கொண்டை ஊசி வளைவு என்பதை, வலியோடு வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பச்சை உடம்பின் நாட்கள்

குழந்தை பிறந்ததும் வீட்டின் கண்களெல்லாம் தொட்டில் பக்கம் திரும்பிவிடுகின்றன. பிரசவித்து 42 நாட்கள் வரை நேரும் இறப்பும் தாய் மரணக் கணக்கில்தான் சேரும். முதல் 24 மணி நேரமும் முதல் வாரமும் மிகக் கவனமான நாட்கள்.

பிள்ளை பெற்ற ஆறாவது நாள் ஒரு பெண்ணுக்குத் தலைவலி. பனி இறங்கிவிட்டது என்று தைலம் தடவி, காதில் பஞ்சு வைத்துப் படுக்கவைத்திருந்தார்கள். அவள் கணவர் என்னிடம் வேறு எதற்கோ போனில் பேசியவர், பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னார். “கண்ணு எப்படித் தெரியுதுன்னு கேளுங்க தம்பி” என்றேன். “புகை மாதிரி தெரியுதுங்குறா” என்றார். அந்த நொடியே 108க்குச் சொல்லச் சொன்னேன். போய்ப் பார்த்தபோது பிரஷர் 180ஐத் தாண்டியிருந்தது. கர்ப்பத்தில் ஒரு நாளும் ஏறாதவளுக்கு அது. வலிப்பு வருவதற்கு முன் மருந்து ஏறியதால் தப்பினாள்.

பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருக்கும் என்று நாக்கை மட்டும் நனைக்க விடும் பழக்கம் பல வீடுகளில் இன்னமும் இருக்கிறது. தண்ணீர் குறைந்து, எழுந்து நடமாடாமலும் கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் நொடியில் உயிரெடுக்கும். சிசேரியன் ஆனவருக்கும் எடை கூடியவருக்கும் இந்த ஆபத்து அதிகம். தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள், நடக்கவிடுங்கள். காய்ச்சல், நாற்றமடிக்கும் உதிரம், தையல் போட்ட இடத்தில் சீழ் இருந்தால் கஷாயம் வைத்துப் பார்க்க வேண்டாம். கிருமி ரத்தத்தில் பரவ ஒரு ராத்திரி போதும்.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

• எந்த மாதத்திலும் ரத்தப்போக்கு. பிரசவத்துக்குப் பின் ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைவது
• விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது
• வலிப்பு, மயக்கம், நினைவு தடுமாற்றம்
• படுக்க முடியாத மூச்சுத் திணறல், நெஞ்சு வலி
• பனிக்குடம் உடைந்து நீர் கசிவது
• குழந்தையின் அசைவு குறைவது
• 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல்
• ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம்

இந்தப் பட்டியலை வெட்டிச் சுவரில் ஒட்டினாலும் சரி, போனில் படம் பிடித்து வைத்தாலும் சரி.

யார் ‘கிளம்பு’ என்று சொல்வது?

செரீன் தடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் எழுதிய கட்டுரையில், தாய் மரணத்துக்குப் பின்னால் மூன்று தாமதங்களைக் காட்டினார்கள். வீட்டில் முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். விசாரணைக் குழுவோடு நான் உட்கார்ந்த வீடுகளில் எல்லாம் இந்த மூன்றில் ஏதோ ஒன்று இருந்தது. சில வீடுகளில் மூன்றும் இருந்தன. தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய் மரணமும் இப்படி விசாரிக்கப்பட்டு ஆட்சியர் வரை போகிறது. யாரையாவது தண்டிப்பதற்காக அதை வைக்கவில்லை. அடுத்த பெண்ணுக்கு அதே ஓட்டை வழியாக ஆபத்து வராமல் அடைப்பதற்காக வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது தாமதத்துக்கு அரசு பதில் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியிலும் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் இருக்க வேண்டும். வட்டார மருத்துவமனையில் ரத்தம் இருக்க வேண்டும். ஒரு செவிலியரிடம் ஒரே நேரத்தில் பல பிரசவங்களை ஒப்படைக்கக் கூடாது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் கேட்க முடியாததாக இருந்த பலவற்றை இந்த மாநிலம் சாதித்துக் காட்டியிருக்கிறது. இதையும் சாதிக்க முடியும்.

முதல் இரண்டு தாமதங்களும் நம் வீட்டுக்குள் இருக்கின்றன. ஏழாம் மாதம் முடிவதற்குள் குடும்பம் ஒரு நாள் உட்கார்ந்து பேசிவிடுங்கள். எந்த மருத்துவமனை, அங்கே இரவில் ஆபரேஷன் செய்வார்களா, ரத்தம் கொடுக்க யார் இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள், அவளுக்கு நெகட்டிவ் குரூப் என்றால் அந்த ரத்தக்காரர் யார், பெரிய பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது, 108 வரத் தாமதமானால் யாருடைய வண்டி? வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்கிறோம் என்று வீடியோ பார்த்துத் துணிந்த குடும்பங்கள் இந்தக் கேள்விகளில் ஒன்றுக்காவது பதில் வைத்திருந்தார்களா என்று யோசியுங்கள்.

கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். கிளம்பலாம் என்று முடிவெடுப்பது யார்? கணவர் வேலையிலிருந்து வரட்டும், மாமனாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம், ராகுகாலம் போகட்டும் என்று காத்திருந்த வீடுகளை எனக்குத் தெரியும். அந்த உரிமையை அவளிடமே கொடுத்துவிடுங்கள். செவிலியரின் கைக்கும் கருவிக்கும் தெரிவதற்கு முன்பே அவள் உடம்பு அவளுக்குச் சொல்லிவிடுகிறது. “எனக்கு என்னமோ பண்ணுது” என்று அவள் சொன்னால், மறு கேள்வி கேட்காமல் வண்டியைக் கூப்பிடுங்கள்.